2008 ஜார்ஜியா போர்: முதலில் சுட்டது யார் என்று மட்டும் கேட்டால் போதுமா?

2024 செப்டம்பர். ஜார்ஜியாவில் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. ஆளும் 'ஜார்ஜியக் கனவு' கட்சியைத் தொடங்கிய பெரும்பணக்காரர் பித்சினா இவானிஷ்விலி, கோரி நகரத்தில் நடந்த கூட்டத்தில் பேசும்போது, தெற்கு ஒசேத்தியா என்ற பிரிந்துபோன பகுதிக்காக ரஷ்யாவோடு நடந்த 2008 போருக்காக, அந்தப் பகுதியின் ஒசேத்திய மக்களிடம் ஜார்ஜியா மன்னிப்புக் கேட்கும் நாள் வரும் என்றார். நாடே கொந்தளித்தது. கோரி அந்தப் போரில் ரஷ்ய விமானங்கள் குண்டு வீசிய ஊர். ரஷ்யப் படை உள்ளே வந்து ஒரு வாரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்த ஊர். அங்கே நின்றுகொண்டு தப்பு நம்முடையது என்று ஒருவர் பேசினால், மகனைப் பறிகொடுத்த வீட்டில் அது எப்படிக் கேட்கும்?

அதே சமயம், 2008 ஆகஸ்ட் 7 இரவு ஜார்ஜியக் குண்டுகளுக்குப் பயந்து, தெற்கு ஒசேத்தியாவின் தலைநகரான த்ஸ்கின்வாலியின் வீட்டு நிலவறைகளில் குழந்தைகளோடு பதுங்கிக் கிடந்த ஒசேத்தியர்களிடம் அதுவரை எந்த ஜார்ஜியத் தலைவரும் மனதாரப் பேசியதில்லை என்பதும் உண்மை. பதினாறு ஆண்டு கழித்தும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை.

இந்தப் போர் பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: யார் ஆரம்பித்தது? அதற்கு ஓரளவு தெளிவான பதில் 2009-லேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. ஏனென்றால் உள்ளே இருப்பது மூன்று கேள்விகள். அந்த இரவு முதலில் தாக்கியது யார்? அந்த இரவு வருவதற்கு வழி செய்தது யார்? அதற்கப்புறம் ஊர்களுக்கும் மக்களுக்கும் என்ன நடந்தது? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. ஒன்றுக்கான பதிலை எடுத்து இன்னொன்றை மூடப் பார்ப்பதுதான் இரண்டு தரப்பும் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருவது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். காகசஸ் மலைத்தொடரின் வடக்குச் சரிவில் ரஷ்யாவுக்குள் வடக்கு ஒசேத்தியா. தெற்குச் சரிவில், ஜார்ஜியாவின் எல்லைக்குள், தெற்கு ஒசேத்தியா. இரண்டு பக்கமும் ஒரே மக்கள், ஒரே மொழி. நடுவில் மலை. தெற்கு ஒசேத்தியாவின் பரப்பு சுமார் 3,900 சதுர கிலோமீட்டர். 1989 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒசேத்தியர், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஜார்ஜியர். இரண்டு இனத்தாரின் கிராமங்களும் மாறி மாறிக் கலந்து கிடந்தன. கலப்புத் திருமணங்கள் சகஜம். 1980-களில் மலையைக் குடைந்து ரோக்கி சுரங்கப்பாதை போட்டார்கள். நீளம் நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரஷ்யாவிலிருந்து அந்தச் சிறு நிலத்துக்கு லாரியோ டாங்கியோ வர வேறு சாலை கிடையாது. பின்னால் நடந்ததில் பாதிக்கு இந்தச் சுரங்கம்தான் காரணம்.

சோவியத் ஒன்றியம் இருந்தவரை தெற்கு ஒசேத்தியா ஜார்ஜியாவுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதி. ஒன்றியம் ஆட்டம் காணத் தொடங்கியதும் ஜார்ஜியாவில் எழுந்த தேசியவாதம் ஒசேத்தியர்களை 'வந்தேறிகள்', 'விருந்தாளிகள்' என்று பேசத் தொடங்கியது. 1990 டிசம்பரில், ஸ்வியாத் கம்சகுர்தியாவின் தலைமையில் ஜார்ஜிய நாடாளுமன்றம் அந்தத் தன்னாட்சியையே ரத்து செய்தது. அதைத் தொடர்ந்த ஒன்றரை ஆண்டுச் சண்டையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தார்கள். ஜார்ஜியாவின் இன்னொரு தன்னாட்சிப் பகுதியான அப்காசியாவில் நிலைமை இன்னும் மோசம். 1992-93 போரின் முடிவில், அங்கே மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதியாக இருந்த ஜார்ஜியர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். 2008-ஐ ரஷ்ய-ஜார்ஜியப் போர் என்று மட்டும் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒசேத்தியரின் பயம் மாஸ்கோவில் தயாரித்து அனுப்பியது அல்ல. அது சொந்த அனுபவம். ஜார்ஜியரின் ஆத்திரமும் அப்படித்தான்.

1992 ஜூனில் ரஷ்ய அதிபர் யெல்த்சினும் ஜார்ஜியத் தலைவர் ஷெவர்த்நாத்சேவும் போட்ட சோச்சி ஒப்பந்தம் தெற்கு ஒசேத்தியச் சண்டையை நிறுத்தியது. ஆனால் நிறுத்திய விதம் பிற்பாடு பெரிய தொல்லையானது. அமைதிப்படை என்று மூன்று பிரிவுகள்: ரஷ்யர் ஐந்நூறு பேர், ஜார்ஜியர் ஐந்நூறு பேர், ஒசேத்தியர் ஐந்நூறு பேர். மேற்பார்வைக் குழுவில் நான்கு தரப்பு: ஜார்ஜியா, ரஷ்யா, வடக்கு ஒசேத்தியா, தெற்கு ஒசேத்தியா. எந்தக் கூட்டத்திலும் தாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று ஜார்ஜியர்கள் புகார் சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. வழக்கில் அக்கறை உள்ளவரையே பஞ்சாயத்துக்கு உட்கார வைத்த ஏற்பாடு அது. சர்வதேசக் கண்காணிப்பு என்று ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் ஆட்கள் இருந்தார்கள். போர் வெடித்தபோது அவர்களின் ராணுவப் பார்வையாளர்கள் எட்டே எட்டுப் பேர். கையில் ஆயுதம் கிடையாது.

ஆனாலும் அந்த ஏற்பாடு பன்னிரண்டு ஆண்டுகள் ஓரளவு தாங்கியது. அதற்குக் காரணமான ஒரு விஷயம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. எர்க்னெத்தி சந்தை.

த்ஸ்கின்வாலியை ஒட்டி, ஜார்ஜியக் கட்டுப்பாட்டில் இருந்த ஓரத்தில், வயல்வெளியில் தானாக முளைத்த சந்தை அது. ரோக்கி சுரங்கம் வழியாக ரஷ்யாவிலிருந்து பெட்ரோல், கோதுமை மாவு, சிகரெட், பழைய கார்கள் வந்து இறங்கும். ஜார்ஜியப் பக்கமிருந்து பழமும் காய்கறியும் போகும். சுங்கவரி இல்லை, ரசீது இல்லை, எந்த நாட்டுச் சட்டமும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் அங்கே தோளோடு தோள் நின்று விலை பேசினார்கள். கடனும் கொடுத்தார்கள். இரண்டு தரப்பு அதிகாரிகளும் இதில் கமிஷன் அடித்தார்கள் என்பது ஊரறிந்தது. ஜார்ஜிய அரசுக்கு வரி இழப்பு பெரிது. ஜார்ஜியச் சந்தையெல்லாம் கடத்தல் சரக்கு. எந்த நிதியமைச்சரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வதில் இரண்டு பக்கத்து சாதாரண மக்களுக்கும் காசு சம்பந்தப்பட்ட காரணம் ஒன்று இருந்தது அங்கே மட்டும்தான்.

2003 நவம்பரில் 'ரோஜாப் புரட்சி' என்ற மக்கள் போராட்டம் ஷெவர்த்நாத்சேவைப் பதவியிலிருந்து இறக்கியது. 2004 ஜனவரியில் மிகெயில் சாகாஷ்விலி சுமார் 96 சதவீத வாக்குகளுடன் அதிபரானார். அப்போது அவருக்கு வயது 36. லஞ்சத்தை ஒழித்தார், போக்குவரத்துப் போலீஸை மொத்தமாகக் கலைத்துப் புதிதாக எடுத்தார், அரசு கஜானாவில் பணம் சேர்ந்தது. மத்திய அரசை மதிக்காமல் தனி ராஜ்யம் நடத்திய அஜாரா பகுதியை 2004 மே மாதம் துப்பாக்கிச் சூடே இல்லாமல் மீட்டார். அந்த வெற்றி அவருக்குத் தப்பான பாடம் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்து தெற்கு ஒசேத்தியா என்று திரும்பினார். கடத்தலை ஒழிப்பதாகச் சொல்லி அந்தக் கோடையிலேயே எர்க்னெத்தி சந்தை மூடப்பட்டது. கடத்தல் வருமானம் நின்றால் த்ஸ்கின்வாலியில் தெற்கு ஒசேத்தியத் தலைவர் எட்வார்த் கொகோயித்தியின் ஆட்சி ஆட்டம் காணும், மக்கள் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசி பக்கம் வருவார்கள் என்பது கணக்கு.

நடந்தது நேர்மாறு. பிழைப்பு போன மக்கள் ரஷ்யாவைப் பார்த்துத் திரும்பினார்கள். 2004 ஆகஸ்டிலேயே துப்பாக்கிச் சண்டை வந்து இரு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். ரஷ்யா 2002 முதலே இந்த இரண்டு பகுதி மக்களுக்கும் தன் பாஸ்போர்ட்டை வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வேறு எந்த நாடும் ஏற்காத அடையாள அட்டையை வைத்துக்கொண்டு தவித்தவர்களுக்கு அது பென்ஷன், பயணம், வேலை எல்லாம். மாஸ்கோவுக்கோ அது ஒரு முன்னேற்பாடு: இன்னொரு நாட்டின் எல்லைக்குள் பல்லாயிரம் 'ரஷ்யக் குடிமக்கள்'. நாளைக்கு எங்கள் குடிமக்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்ல இது போதும். தெற்கு ஒசேத்தியாவின் பாதுகாப்பு அமைச்சகம், உளவுத்துறை ஆகியவற்றின் தலைமையில் ரஷ்யாவிலிருந்து வந்த அதிகாரிகளே உட்கார்ந்தார்கள்.

இதற்கு மேலே பெரிய நாடுகளின் ஆட்டம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. காஸ்பியன் கடல் எண்ணெயை ரஷ்யாவைத் தொடாமல் மேற்கே கொண்டுபோகும் பாகு-திபிலிசி-ஜெய்ஹான் குழாய், 1,768 கிலோமீட்டர் நீளம், 2006-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஜார்ஜியா வழியாகத்தான் போகிறது. ஜார்ஜியப் படைக்கு 2002 முதல் அமெரிக்கா பயிற்சி கொடுத்தது. பதிலுக்கு ஜார்ஜியா இராக்குக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வீரர்களை அனுப்பியது. அந்தச் சின்ன நாட்டின் ராணுவச் செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது, சில ஆண்டுகளில் எட்டு சதவீதத்தைத் தொட்டது. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினையும் பொர்ஜோமி மினரல் வாட்டரையும் தடை செய்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உளவாளிகள் என்று சொல்லி ஜார்ஜியா சில ரஷ்ய அதிகாரிகளைப் பிடிக்க, ரஷ்யா தன் ஊர்களில் வேலை பார்த்த ஜார்ஜியர்களைப் பிடித்துக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தியது.

2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோ தனி நாடு என்று அறிவித்தது. அமெரிக்காவும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும் ஏற்றுக்கொண்டன. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லாமலே செர்பியாவின் எல்லையை மாற்றலாம் என்றால், அப்காசியாவிலும் தெற்கு ஒசேத்தியாவிலும் ஏன் கூடாது என்று மாஸ்கோ வெளிப்படையாகவே கேட்டது. கொசோவோ ஒரு தனி விவகாரம், முன்னுதாரணம் ஆகாது என்று மேற்கு நாடுகள் சொன்னதை அந்தப் பகுதியில் யாரும் நம்பவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் புக்கரெஸ்டில் நேட்டோ உச்சி மாநாடு. உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் உறுப்புரிமைக்கான செயல்திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று புஷ் வற்புறுத்தினார். ஜெர்மனியின் மெர்க்கலும் பிரான்ஸின் சர்கோசியும் முடியாது என்றார்கள். கடைசியில் வந்த சமரசம் இரண்டும் கெட்டானாக இருந்தது. செயல்திட்டம் கிடையாது, ஆனால் இந்த இரு நாடுகளும் 'நேட்டோ உறுப்பினர்கள் ஆவார்கள்' என்று அறிக்கையில் எழுதினார்கள். கல்யாணம் உறுதி, தேதி மட்டும் கேட்காதீர்கள் என்பது போல. ரஷ்யாவை உசுப்ப அந்த வாக்கியம் தாராளமாகப் போதும். ஜார்ஜியாவைக் காப்பாற்ற அதில் ஒன்றுமே இல்லை. இந்தப் போருக்கு மேற்கு நாடுகளின் பங்கு என்ன என்று கேட்டால், விரிவாக்கம் என்ற கொள்கையைவிட இந்த அரைகுறை வாக்குறுதியைத்தான் நான் முதலில் சொல்வேன். சேர்ப்பதானால் பாதுகாப்போடு சேர்த்திருக்க வேண்டும். முடியாது என்றால் அதை நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சாகாஷ்விலி அந்த அறிக்கையில் அமெரிக்கா கூட நிற்கும் என்ற அர்த்தத்தைப் படித்தார். புதின் அதிலேயே, காரியத்தை முடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று படித்தார்.

அப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. ஏப்ரல் 16 அன்று அப்காசியா, தெற்கு ஒசேத்தியா நிர்வாகங்களோடு நேரடித் தொடர்பு வைக்க புதின் உத்தரவிட்டார். நான்கு நாள் கழித்து அப்காசியா மேலே பறந்த ஜார்ஜிய ட்ரோன் ஒன்றை ஒரு போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அது ரஷ்ய விமானம்தான் என்று ஐ.நா. பார்வையாளர் குழு முடிவு சொன்னது. மே மாதம் ரஷ்ய ராணுவத்தின் ரயில்வே பிரிவு அப்காசியாவுக்குள் வந்து பழைய ரயில் பாதையைச் செப்பனிட்டது. ஜூலையில் மலைக்கு வடக்கே 'காகசஸ் 2008' என்று ரஷ்யா பெரிய பயிற்சி நடத்தியது. அதே நாட்களில் தெற்கே, திபிலிசிக்குப் பக்கத்தில், அமெரிக்க வீரர்களும் ஜார்ஜிய வீரர்களும் சேர்ந்து பயிற்சி நடத்தினார்கள். ஆகஸ்ட் தொடங்கியதும் த்ஸ்கின்வாலியைச் சுற்றிய கிராமங்களில் தினமும் மோர்ட்டார் சத்தம். ஜார்ஜியக் கிராமங்கள் மீது ஒசேத்தியப் படையினர் சுட்டார்கள், ஜார்ஜியப் படையினர் திருப்பிச் சுட்டார்கள். ஒசேத்தியக் குழந்தைகளையும் பெண்களையும் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பத் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 7 மாலை சுமார் ஏழு மணிக்கு சாகாஷ்விலி தொலைக்காட்சியில் தோன்றி, நாங்கள் தன்னிச்சையாகவே போரை நிறுத்துகிறோம் என்றார். அன்றிரவு சுமார் 11:35-க்கு ஜார்ஜியப் பீரங்கிகள் த்ஸ்கின்வாலி மீது குண்டு பொழியத் தொடங்கின. கூடவே கிராட் ராக்கெட்டுகள். கிராட் என்பது ஒரு லாரியின் முதுகில் வரிசையாக நாற்பது குழல்கள் பொருத்திய ஆயுதம். எங்கே விழும் என்று குறிவைத்து அடிக்கும் கருவி அல்ல. ஒரு பரப்பையே மொத்தமாக நாசமாக்குவது. மக்கள் குடியிருக்கும் ஊர் மீது அதைப் பயன்படுத்தியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அரசியல் சட்ட ஒழுங்கை மீட்கவே நடவடிக்கை என்று ஜார்ஜியத் தளபதி ஒருவர் அன்றிரவு கேமரா முன் சொன்னார். ரோக்கி வழியாக ரஷ்யப் படை ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருந்தது, அதைத் தடுக்கவே தாக்கினோம் என்று பிறகு அரசு சொன்னது. இரண்டு விளக்கங்களும் ஒன்றாகப் பொருந்தவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் நியமித்த விசாரணைக் குழு, சுவிஸ் தூதர் ஹைதி தாக்லியாவினி தலைமையில், 2009 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. பெரும் சண்டை ஜார்ஜியா த்ஸ்கின்வாலியைத் தாக்கியதில்தான் தொடங்கியது, அந்தத் தாக்குதலுக்கு சர்வதேசச் சட்டத்தில் நியாயம் இல்லை, அதற்கு முன் ரஷ்யா பெரிய அளவில் படையெடுத்து வந்தது என்ற வாதத்துக்கும் ஆதாரம் போதாது என்று அது சொன்னது. ரஷ்யத் தரப்பு இன்றுவரை இந்தப் பத்தியைத்தான் தூக்கிக் காட்டுகிறது. ஆனால் அறிக்கை அதோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ரஷ்யாவிலிருந்து தன்னார்வப் படையினரும் கூலிப்படையினரும் சுரங்கம் வழியாக வந்ததாகத் தெரிகிறது என்றது. பாஸ்போர்ட் விநியோகம் சட்டவிரோதம் என்றது. தன் அமைதிப்படையைக் காப்பாற்ற ரஷ்யா முதலில் செய்தது சரி, ஆனால் அதைத் தாண்டி ஜார்ஜியாவின் உள்ளே போய்ச் செய்தது எந்த நியாயமான அளவையும் மீறியது என்றது. அந்த இரவு நெடுங்காலப் பதற்றத்தின், சீண்டல்களின் உச்சம் மட்டுமே என்றும் எழுதியது. முழுதாகப் படித்தால் யாருக்கும் வசதியான அறிக்கை அல்ல அது. ஒருவேளை அதனால்தான் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டன.

மூன்றாவது கேள்விதான் குறைவாகப் பேசப்படுவது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஆகஸ்ட் 8 அன்று உலகத் தலைவர்கள் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இருந்தார்கள்; புஷ்ஷும் புதினும் அங்கேதான். ரஷ்யாவின் 58-ஆவது ராணுவம் ரோக்கி வழியாக இறங்கியது. கோரி, செனாக்கி, போத்தி துறைமுகம் எனப் பல இடங்களில் குண்டுகள் விழுந்தன. அப்காசியா பக்கமும் இன்னொரு முனை திறந்தது. மூன்றே நாளில் ஜார்ஜியப் படை பின்வாங்கித் திபிலிசியைக் காக்க ஓடியது. இராக்கில் இருந்த ஜார்ஜிய வீரர்களை அமெரிக்க விமானங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அதற்கு மேல் அமெரிக்கா சண்டையில் இறங்கவில்லை, இறங்கும் எண்ணமும் இருக்கவில்லை.

முதல் நாட்களில் ரஷ்யா ஓர் எண்ணிக்கையை உலகம் முழுக்கப் பரப்பியது: த்ஸ்கின்வாலியில் 2,000 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், இது இனப்படுகொலை என்று. பின்னர் ரஷ்யாவின் சொந்த விசாரணைக் குழுவே 162 ஒசேத்தியப் பொதுமக்கள் என்று கணக்குச் சொன்னது. 162 சாவு சின்ன விஷயம் அல்ல. ஒவ்வொன்றும் ஜார்ஜியா பதில் சொல்ல வேண்டியது. ஆனால் அந்த 2,000 என்ற பொய் எண்ணுக்கு உடனடி விளைவு ஒன்று இருந்தது. வடக்கே இருந்து பழிவாங்க வந்த ஆயுதக் கும்பல்கள் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் வந்தன.

அவர்கள் போன ஊர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். த்ஸ்கின்வாலிக்கு வடக்கே, ரோக்கி போகும் சாலையில், தமராஷேனி, அச்சபேத்தி, குர்த்தா, கெக்வி என்று வரிசையாக ஜார்ஜியக் கிராமங்கள் இருந்தன. போருக்கு முன் அந்தச் சாலையில் போக ஒசேத்தியர்கள் பயந்து, காட்டு வழியாக மாற்றுச் சாலை போட்டிருந்தார்கள். ஜார்ஜியப் படை பின்வாங்கியதும் அந்த ஊர்களில் வீடு வீடாகக் கொள்ளையடித்து, வீடு வீடாகத் தீ வைத்தார்கள். சண்டையில் சிதைந்தவை அல்ல அந்த வீடுகள். சண்டை நின்ற பிறகும் நாள் கணக்கில் எரிந்ததை ஐ.நா.வின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பின்னர் இடிபாடுகளையும் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கினார்கள், திரும்பி வருகிறவர்களுக்குச் சுவர்கூட மிஞ்சக் கூடாது என்று. தெற்கே, கோரிக்கும் த்ஸ்கின்வாலிக்கும் நடுவில் ரஷ்யப் படை 'இடைநிலை மண்டலம்' என்று பிடித்துவைத்திருந்த கரலேத்தி, த்க்வியாவி போன்ற ஊர்களிலும் கும்பல்கள் புகுந்தன. ரஷ்யச் சிப்பாய்கள் சில இடங்களில் தடுத்தார்கள், பல இடங்களில் வேடிக்கை பார்த்தார்கள். முதியவர்கள் உட்பட சுமார் 160 ஜார்ஜியப் பொதுமக்களைப் பிடித்து த்ஸ்கின்வாலியில் உள்துறை அமைச்சகத்தின் நிலவறையில் இரண்டு வாரத்துக்கும் மேல் அடைத்துவைத்தார்கள். தெருவில் கிடந்த பிணங்களை அவர்களில் சிலரை வைத்தே அப்புறப்படுத்தினார்கள்.

தாக்லியாவினி அறிக்கை இதை ஜார்ஜியர்கள் மீதான இனச் சுத்திகரிப்பு என்றே குறித்தது. ஜார்ஜியா இனப்படுகொலை செய்தது என்ற ரஷ்யக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. எல்லாத் தரப்பிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 850 பேர், வீடு விட்டு ஓடியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒசேத்தியர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். அந்தக் கிராமங்களின் ஜார்ஜியர்களுக்குத் திரும்ப ஊரே இல்லை. திபிலிசி-கோரி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் த்செரோவானியைப் பார்க்கலாம். நம்மூரிலிருந்து மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் பலரும் அந்த வழியில் போயிருப்பார்கள். ஒரே அளவில், ஒரே மாதிரி, சாலையோரம் வரிசை வரிசையாகச் சுமார் இரண்டாயிரம் சிறு வீடுகள். 2008 குளிர்காலத்துக்கு முன் அவசரமாகக் கட்டியவை. தற்காலிகம் என்று சொல்லித்தான் குடியேற்றினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பில் அப்போது பிரான்ஸ் இருந்தது. ஆகஸ்ட் 12 அன்று சர்கோசி மாஸ்கோ போய் ரஷ்ய அதிபர் மெத்வதேவோடு ஆறு அம்சத் திட்டம் ஒன்றுக்கு வந்தார். சண்டை நின்றது, அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஐந்தாவது அம்சத்தில் ஒரு ஓட்டை. ரஷ்யப் படை பழைய இடத்துக்குத் திரும்பும், ஆனால் சர்வதேச ஏற்பாடு வரும்வரை ரஷ்ய அமைதிப்படை 'கூடுதல் பாதுகாப்பு நடவடிக்கைகள்' எடுக்கும் என்று இருந்தது. கரலேத்தியில் அவர்கள் அக்டோபர்வரை உட்கார்ந்தது அந்த ஒரு வரியின் பலத்தில். ஆகஸ்ட் 26 அன்று ரஷ்யா அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் தனி நாடுகளாக ஏற்றது. நிகராகுவா, வெனிசுவேலா, நவூரு, பிற்பாடு சிரியா என்று விரல் விட்டு எண்ணும் நாடுகளே பின்தொடர்ந்தன. போருக்கு முன்பிருந்த இடங்களுக்குப் படை திரும்பவில்லை. இரண்டு பகுதியிலும் நிரந்தரத் தளங்கள் வந்தன. தெற்கு ஒசேத்தியாவுக்குள் போருக்கு முன் ஜார்ஜியக் கட்டுப்பாட்டில் இருந்த அகல்கோரி வட்டாரமும் கையைவிட்டுப் போனது. ஐ.நா.வின் அப்காசியக் கண்காணிப்புக் குழுவை 2009 ஜூனில் ரஷ்யா வீட்டோ போட்டு மூடியது. மிஞ்சியது ஐரோப்பிய ஒன்றியத்தின் பார்வையாளர் குழு ஒன்று; இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போக அதற்கு அனுமதி இல்லை.

விலை என்று ரஷ்யா ஒன்றும் கொடுக்கவில்லை. ஓராண்டுக்குள் வாஷிங்டன் மாஸ்கோவோடு உறவைப் புதுப்பிக்கக் கிளம்பிவிட்டது. 2014-ல் கிரிமியா, 2022 பிப்ரவரியில் முழு உக்ரைன். குடிமக்களைக் காப்பது, இனப்படுகொலையைத் தடுப்பது, தனி நாடாக ஏற்பது என்று அதே சொற்கள்தான் திரும்ப வந்தன. ஜார்ஜியாவில் போருக்குப் பின் அங்கீகாரம். உக்ரைனில் மூன்று நாள் முன்பே அங்கீகாரம். 2008 ஆகஸ்டில் போலந்து அதிபர் லேக் கச்சின்ஸ்கி திபிலிசி மேடையில், இன்று ஜார்ஜியா, நாளை உக்ரைன் என்று எச்சரித்தபோது பலர் அதை மிகை என்றார்கள்.

நேட்டோ கிழக்கே நீண்டதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்போர் ஒரு பக்கம். ரஷ்யாவின் ஏகாதிபத்தியப் பசிதான் வேர் என்போர் மறு பக்கம். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டாவதில் அதிகம் உண்டு என்பது என் எண்ணம். ஏனென்றால் பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கியது புக்கரெஸ்டுக்கு ஆறு ஆண்டு முன்பு. அந்த ஊர்களைக் கொளுத்தியதற்கும் நேட்டோ அறிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டு வாதத்திலும் ஒசேத்தியர் என்றொரு மக்கள் வருவதே இல்லை. வந்தாலும் மாஸ்கோவின் காய்களாகத்தான். 1990-ல் தன்னாட்சியைப் பறித்ததற்கும், த்ஸ்கின்வாலி மீது கிராட் வீசியதற்கும் ஜார்ஜியா அவர்களிடம் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. அந்தப் பேச்சு தேர்தல் மேடையில், எதிர்க்கட்சியைச் சிறையில் தள்ளும் நோக்கத்தோடு வந்தால் அதற்கு மதிப்பு இல்லை. இவானிஷ்விலியின் பேச்சுக்கு அடுத்த ஆண்டே, சாகாஷ்விலி காலத்தை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுமுன் வர மறுத்ததற்காக எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். சாகாஷ்விலி ஏற்கெனவே சிறையில்தான் இருந்தார். த்செரோவானிக்காரர்களிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்ற கேள்வியை அந்த மேடை எழுப்பவே இல்லை.

நீதிமன்றங்கள் முயன்றன. 2021 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஆகஸ்ட் 12-க்குப் பிறகு அந்த நிலம் ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே நடந்த கொலைகளுக்கும் தீ வைப்புக்கும் நிலவறைச் சிறைக்கும் ரஷ்யாவே பொறுப்பு என்றது. ஆனால் ஆகஸ்ட் 8 முதல் 12 வரை நடந்த சண்டைக்கு, குழப்பமான போர்ச் சூழலில் யார் கட்டுப்பாட்டில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது என்று கூறி, தனக்கு அதிகார வரம்பே இல்லை என ஒதுங்கியது. நீதிபதிகள் சிலர் இதை மறுத்து எழுதினார்கள். எந்த ஐந்து நாட்களைப் பற்றி உலகம் சண்டை போடுகிறதோ, அந்த ஐந்து நாட்களில் விழுந்த குண்டுகளை அந்த நீதிமன்றம் சட்டத்தின் கண்ணுக்கு வெளியே விட்டுவிட்டது. 2022-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நிலவறை விவகாரத்தில் மூன்று பேருக்குக் கைது ஆணை பிறப்பித்தது. 2023 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் 13 கோடி யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் ரஷ்யாவுக்கு உத்தரவிட்டது. ரஷ்யா அதற்கு ஓராண்டு முன்பே ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. பணம் வரவில்லை. அந்த இழப்பீடு பெற வேண்டியவர்களில் தமராஷேனியிலும் குர்த்தாவிலும் வீடு இருந்தவர்கள் உண்டு. 2008-ல் நாற்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது.